பனியை வென்ற புல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்த ஊர் வ. புதுப்பட்டி. பிளவக்கல் அணையின் நீரும் கண்மாய்களின் நீரும் அவ்வட்டாரத்து வயல்களை வளம்படுத்துகின்றன. நெல்லும் தென்னையும் கரும்பும் அங்கே விளையும் பயிர்கள். வயல் வரப்பில் அருகு படர்ந்து கிடக்கும். ஓடைக் கரையில் நாணல் தன் வெண்ணிறப் பூங்கதிரை அசைத்து நிற்கும். உழவர் போற்றி வளர்ப்பது கரும்பை; களையென்று பிடுங்கி எறிவது அருகை; ஏறெடுத்தும் பாராமல் விடுவது நாணலை. ஆயினும், இம்மூன்றும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. மூன்றும் புல்லே.

புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பகுத்துரைத்தார். அவர் வகுத்த முறைப்படி பனையும் தென்னையும்கூடப் புல்லாகும். இக்காலத் தாவர நூலார் அவ்விரண்டையும் வேறு குடும்பத்தில் வைப்பர்; நெல், கம்பு, சோளம், மூங்கில், கரும்பு, நாணல், அருகு ஆகியவற்றைப் புல்லின் குடும்பத்திலேயே நிறுத்துவர். இவ்வுறவு பெயரளவினது அன்று. நெருங்கிய உறவுடைய செடிகளிடையேதான் கலப்பு கூடும்; கலப்பு கூடினால்தான் ஒன்றன் பண்பை மற்றொன்றுக்கு ஏற்ற முடியும்.

கரும்பும் அருகும் வெயிலை விரும்பும் புற்கள். வெப்ப நாட்டில் அவை தழைப்பதுபோல் குளிர் நாட்டில் தழைப்பதில்லை. தமிழில் பனி என்னும் ஒரு சொல்லே மார்கழி விடியலில் இலைநுனியில் துளிக்கும் நீரையும் குறிக்கும். நீர் கல்லென இறுகும் உறைபனியையும் குறிக்கும். புதுப்பட்டியின் பனி முன்னது. அது பயிரைக் கொல்லாது. உதகமண்டலத்திலோ டிசம்பர், சனவரித் திங்கள்களில் சில இரவுகளில் உறைபனி விழும். விடியலில் புல்வெளி சுண்ணாம்பு தூவியதுபோல் வெளுத்துத் தோன்றும். கதிரவன் எழுந்து பனி உருகியபின் பார்த்தால், மென்புல் தீய்ந்து கிடக்கும். நெருப்புச் சுட்டதுபோலவே குளிரும் சுடுகிறது.

இஃது எங்ஙனம் நிகழ்கிறது? செடியின் உடல் எண்ணற்ற நுண்ணறைகளால் ஆனது. அறைகளுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறைகிறது. அவ்வாறு உறைந்த பனிக்கட்டி, அறைக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்கிறது. அறை வற்றிச் சுருங்குகிறது. அதனைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு விறைத்துக் கிழிகிறது. பின்னர் பனி உருகினாலும், கிழிந்த சவ்வு தன் உள்ளீட்டைக் காக்க மாட்டாது. இலை துவண்டு கருகுகிறது.

ஆனால், இலை மடிந்தால் செடி மடிந்ததாகாது. பல புற்களுக்கு மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டு உண்டு. அதனைக் கிழங்குத்தண்டு என்பர். மேலே இலை கருகினாலும் கீழே அத்தண்டு உயிரோடு இருக்குமானால், வெயில் திரும்பியதும் புதுத் தளிர் கிளம்பும். குளிர்காலத்திற்கு முன்னரே, இரவுகள் மெல்லமெல்லக் குளிர்ந்து வரும்போது, சில புற்கள் கிழங்குத்தண்டில் சர்க்கரையைச் சேர்த்து வைக்கின்றன. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறையாது. சவ்விலுள்ள கொழுப்பின் தன்மையையும் அவை மாற்றிக்கொள்கின்றன. அதனால் சவ்வு குளிரிலும் விறைக்காமல் நெகிழ்ந்திருக்கும். இவ்வாறு பனிக்குப் பழகும் ஆற்றல் ஒரே இனத்துள்ளும் செடிக்குச் செடி வேறுபடும். தாயினின்று சேய்க்கும் செல்லும். ஆற்றல் மிக்கதனைக் கண்டெடுத்து, அதனை வேண்டிய பயிரோடு கலப்பதே பயிர்ப் பெருக்குவோர் தொழில்.

இத்தொழிலில் உலகம் வியக்கத்தக்க வெற்றியொன்று தமிழ்நாட்டிலேயே கிட்டியது. அது கரும்பில் கிட்டியது.

அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தனர் என்று புறநானூறு கூறுகிறது. தென்னாட்டில் பருத்த, சாறு மிக்க கரும்பு செழிக்கும். ஆனால், இந்தியாவில் கரும்பு விளையும் நிலத்தின் பெரும்பரப்பு தெற்கில் இல்லை; பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பரந்து கிடக்கிறது. அங்கே, குறிப்பாகப் பஞ்சாபில், குளிர்காலத்தில் உறைபனி விழும். நெல்லையும் சோளத்தையும் போலச் சில திங்களில் அறுத்தெடுக்கும் பயிரன்று கரும்பு. ஏறத்தாழ ஓராண்டு வயலில் நிற்பது அது; ஆதலின், குளிர்காலத்திற்குத் தப்பவியலாது. தென்னாட்டுப் பருங்கரும்பு அக்குளிரில் நலியும். அதனால் வடநாட்டு உழவர் கத்தா, சரேத்தா, சுன்னி முதலிய மெல்லிய கரும்பு வகைகளையே வளர்த்து வந்தனர். அவை குளிரைத் தாங்கின, ஆனால், விரலளவே பருத்தன, விளைவும் குறைவு. சர்க்கரையை உலகுக்கு அறிமுகப்படுத்திய நாடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாத் தீவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரையை வாங்கி உண்டது.

இக்குறையைப் போக்க 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. குறை வடக்கில் இருக்க, நிலையத்தைத் தெற்கில் நிறுவியது ஏன் என்று கேட்கலாம். கரும்பை உழவர் விதையிட்டு வளர்ப்பதில்லை. கணுவுள்ள கரணையை நறுக்கி நடுகின்றனர். கரணையிலிருந்து முளைப்பது தாயின் மறுபதிப்பே. அதில் புதுமை தோன்றாது. புதுவகை வேண்டுமானால் கரும்பு பூக்க வேண்டும். மகரந்தம் சேர வேண்டும். விதை முளைக்க வேண்டும். கரும்பின் விதை பஞ்சிழையோடு ஒட்டிய தூசு போன்றது. அது முளைக்கும் என்பதே 1880களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும்தான் உறுதிப்பட்டது. வடநாட்டில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் மகரந்தம் வளமற்றிருக்கும். கோவையின் தட்பவெப்பத்திலோ கரும்பு நன்கு பூத்து விதை பிடிக்கிறது. ஆகவே, தெற்கில் கருத்தரித்து வடக்கில் வளர்க்கும் முறை அமைந்தது.

நிலையத்தின் முதல் தலைவர் பார்பர் என்னும் ஆங்கிலேயர். அவருக்குத் துணையாகத் தொடக்கத்திலிருந்தே பணியாற்றி, 1919இல் அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் டி. எஸ். வெங்கடராமன். இவர்கள் குளிர் தாங்கும் பண்பை எங்கே தேடினர்? பிற நாட்டுச் சோலைகளில் அன்று, கோவையின் ஓடைக்கரையில்.

அங்கே நின்றது நாணல். சில ஊர்களில் அதனைப் பேய்க்கரும்பு என்றும் வழங்குவர். தண்டு எழுதுகோலினும் சற்றே பருத்தது, உள்ளே சாறில்லை, இனிப்பும் இல்லை. ஆனால், தென்கோடி முதல் இமயமலையின் அடிவாரம் வரை, நடு ஆசியாவின் குளிர்நிலம் வரையிலும்கூட, தானே முளைத்துத் தானே வாழ்வது அது. வறட்சி வரினும், வெள்ளம் நிற்பினும், நோய் தாக்கினும் மீண்டெழும். மண்ணுக்குள் ஓடும் வலிய கிழங்குத்தண்டே அதன் உயிர்நிலை.

‘வெள்ளை’ என்னும் பருங்கரும்பு தாயாகவும், கோவை நாணல் தந்தையாகவும் அமைந்தன. கரும்பைக் கலக்கும் முறை எளிதன்று. பூங்கதிரில் உள்ள பூக்கள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றாகப் பிரித்துச் செப்பனிடுதல் இயலாத காரியம். ஆதலின், தன் மகரந்தம் ஆற்றல் இழந்த வகையைத் தாயாகத் தேர்ந்து, அதன்மேல் தந்தைக் கதிரின் மகரந்தத்தைப் படிவிப்பர். வேற்றுப் பூந்தூள் காற்றில் வந்து சேராவண்ணம் கதிரைக் காப்பர். விதை முதிர்ந்ததும் தொட்டியில் விதைத்து நாற்றாக்குவர். ஒரே கதிரில் பிறந்த நாற்றுகளும் ஒன்றுபோல் இரா. சில நாணலைப் போலவே மெலிந்திருக்கும்; சிலவற்றில் இனிப்பிருக்கும், வலிமையிராது. எண்ணற்ற நாற்றுகளை வளர்த்து, சாற்றைச் சோதித்து, வேண்டாதவற்றை ஆண்டுதோறும் ஒதுக்கி வர வேண்டும். அவ்வாறு ஒதுக்கி ஒதுக்கி எஞ்சியவற்றுள் ஒன்று கோ 205 என்னும் எண் பெற்றது. ‘கோ’ என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். 1918இல் அது பஞ்சாபின் வயல்களுக்குச் சென்றது. உறைபனியைத் தாங்கியது; உள்நாட்டுக் கத்தாவை விளைவில் விஞ்சியது.

பேய்க்கரும்பின் நுனி இனிக்கும் இடமே தாம் அடங்கும் இடம் என்று பட்டினத்தார் கையில் கரும்போடு அலைந்து, திருவொற்றியூரில் அது இனிக்கக் கண்டார் என்பது வழிவழி வந்த கதை. அடியவர் வாழ்வில் அருளால் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது, கோவையில் உழைப்பால் நிகழ்ந்தது. பேய்க்கரும்பின் வழித்தோன்றல் இனித்தது.

இனிப்பற்ற தந்தையோடு கலந்தும் இனிப்பு எவ்வாறு எஞ்சியது? உயிரணுவின் உள்ளே, பெற்றோர் பண்புகளைச் சேய்க்கு எடுத்துச் செல்லும் நுண்ணிழைகள் உள்ளன. அவற்றைக் குரோமோசோம்கள் என்பர். தாயும் தந்தையும் தத்தம் இழைகளில் பாதியைச் சேய்க்கு அளிப்பதே இயல்பு. பருங்கரும்பில் இவ்விழைகள் 80. கோவை நாணலில் 64. பாதியும் பாதியும் கூடினால் 72 ஆதல் வேண்டும். ஆனால், கோ 205இன் இழைகளைப் பின்னர் எண்ணிப் பார்த்தபோது 112 இருந்தன! நாணல் தன் பாதியாகிய 32ஐ மட்டும் அளித்தது. கரும்புத் தாயோ தன் 80ஐயும் முழுமையாக அளித்துவிட்டது. தாயின் பங்கு மிகுந்ததால் இனிப்பு நிலைத்தது. தந்தையின் பங்கும் இருந்ததால் வலிமை சேர்ந்தது. இத்தகைய பொருந்தா எண்ணிக்கை உடைய செடி விதையால் ஒழுங்காகப் பெருகாது. கரும்புக்கு அதனால் இழப்பில்லை. கரணையை நறுக்கி நட்டால் போதும். ஒரு செடியில் கிட்டிய நற்பேறு ஊரெங்கும் பரவும்.

கோ 205ஐத் தொடர்ந்து, பருங்கரும்பு, வடநாட்டு மென்கரும்பு, நாணல் ஆகிய மூன்றன் குருதியும் கலந்த வகைகள் பல தோன்றின. கோ 213, கோ 281, கோ 290, கோ 312 என்பவை அவற்றுட் சில. 1932இல் இந்தியச் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அப்போது முப்பது அளவில் இருந்த ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்டன. சட்டம் ஆலைகளை எழுப்பக்கூடும். ஆலைகளுக்குக் கரும்பைத் தர வல்லதன்று. அதனைத் தந்தவை கோவையின் வகைகளே. 1934இல் இந்நிலையத்திற்கு வந்த ஜானகி அம்மாள் ஐந்தாண்டுக் காலம் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார்; கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். பெண்கள் ஆய்வுக்கூடத்துள் நுழைவதே அரிதாக இருந்த காலம் அது.

கோ 281உம் கோ 290உம் கடல் கடந்தன. நோயும் குளிரும் ஒருங்கே வருத்திய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அவை 1930களில் பயிராயின.

அதே அமெரிக்கத் தென்னாட்டில், மற்றொரு புல்லிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. அப்புல் அருகு. விநாயகருக்குச் சூட்டப்படுவதும், மணமக்களை வாழ்த்துவோர் உவமை கூறுவதும் ஆகிய அதே அருகுதான். அங்குள்ள பருத்தி உழவர் அதனைக் கொடிய களையென்று வெறுத்தனர். ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் என்னும் ஊருக்கு 1936இல் பணிக்கு வந்த கிளென் பர்ட்டன் அதனை வேறு கண்ணோடு நோக்கினார். முதலில் மாட்டுத் தீவனத்திற்காக அருகை மேம்படுத்தி, 1943இல் ‘கோஸ்டல்’ என்னும் வகையை வெளியிட்டார். பின்னர் கோல்ஃப் மைதானங்களுக்கு உரிய புல்லில் கருத்தைச் செலுத்தினார்.

கோல்ஃப் என்பது சிறு பந்தைக் கோலால் அடித்துத் தொலைவிலுள்ள குழியில் விழச் செய்யும் ஆட்டம். குழியைச் சூழ்ந்த தரையில் பந்து தடையின்றி உருள வேண்டும். அதற்காக அங்குள்ள புல்லை ஓர் அரிசிமணியின் நீளத்தினும் குட்டையாக நாள்தோறும் கத்தரிப்பர். அவ்வளவு கத்தரித்தும் சாகாது, இடைவெளியின்றி அடர்ந்து நிற்பது எல்லாப் புல்லுக்கும் இயலுவதன்று. பர்ட்டன், நம் வரப்பில் வளரும் பொது அருகையும், தென்னாப்பிரிக்காவின் மெல்லிலை அருகையும் கலந்தார். முன்னதில் குரோமோசோம்கள் 36, பின்னதில் 18. சேய்க்குக் கிட்டியவை 27. மூன்றன் மடங்காகிய இவ்வெண் இருகூறாகப் பிரியாது. ஆகவே, அச்சேய் விதை பிடிக்காத மலடாயிற்று. நெல்லில் இது நேர்ந்தால் பெருங்கேடு. மைதானத்துப் புல்லுக்கோ இது வரம். பூங்கதிர் எழுந்து தரையைக் கெடுப்பது குறையும். விதை சிந்தி வேறு வகை முளைக்காது. கரும்புக் கரணையைப் போலவே, தண்டைத் துணித்து நட்டால் பரவிக்கொள்ளும். 1956இல் ‘டிஃப்கிரீன்’, 1960இல் ‘டிஃப்வே’ என இவ்வகையின வெளிவந்தன.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் சுவையை அறியாதார் இலர். அதற்குப் பாலளிக்கும் மாடுகளைப் போன்றவற்றின் தீவனமாகத் தமிழ்நாடெங்கும் பயிராகும் கம்பு நேப்பியர்ப் புல்லும் இக்கணக்கில் அடங்குவதே. கம்பில் 14, நேப்பியரில் 28, சேயில் 21. அதுவும் மலடு, அதனையும் தண்டு நறுக்கியே நடுகின்றனர்.

பர்ட்டனின் புல் கத்தரிப்பைத் தாங்கியது. ஆனால், கடுங்குளிரைத் தாங்கவில்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் கோடை மிக வெப்பம், குளிர்காலம் மிகக் குளிர். குளிர்நாட்டுப் புல் அங்கே கோடையில் வாடும். அருகு குளிர்காலத்தில் மடியும். இரண்டற்கும் இடைப்பட்ட அந்நிலத்திற்கு ஏற்ற அருகைத் தேடும் பணியை ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்டனர். சீனம் முதலிய நாடுகளின் அருகு வகைகளையும் திரட்டிக் கலந்தனர். சேய்ச்செடிகளின் குளிர் தாங்கும் ஆற்றலை அளக்கும் முறை கூர்மையானது. பழக்கிய செடிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்து வெப்பத்தைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துவர். ஒவ்வொரு படியிலும் சிலவற்றை வெளியே எடுத்து, இளஞ்சூட்டில் வைத்து, மீண்டும் தளிர்ப்பவை எத்தனை என்று எண்ணுவர். பாதி செடிகள் மடியும் வெப்பநிலையே அவ்வகையின் எல்லை. இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டு 2002இல் ‘பேட்ரியட்’டும், பின்னர் ‘லாட்டிட்யூட் 36’, ‘நார்த்பிரிட்ஜ்’, ‘டஹோமா 31’ ஆகியனவும் வெளிவந்தன. அருகின் நாட்டெல்லை வடக்கு நோக்கி நகர்ந்தது.

செல்வர் ஆடும் ஆட்டத்திற்காக இத்துணை அறிவைச் செலவிடுதல் தகுமோ என்று சிலர் வினவுவர். அவ்வினா நியாயமானதே. எனினும், பர்ட்டனின் கை புல்லோடு நின்றுவிடவில்லை. அவர் உருவாக்கிய, மகரந்த வளமற்ற கம்பு வகை இந்தியாவுக்கு வந்தது. அதனைத் தாயாகக் கொண்டு லூதியானாவில் அத்வால் உருவாக்கிய வீரியக் கம்பு 1965இல் வெளியாயிற்று. புன்செய்க் கம்பின் விளைவு ஏற்றம் பெற்றது. ஆனால், அவ்வேற்றம் நிலைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது, பரந்த நிலமெங்கும் ஒரே தாயின் மக்களே நின்றமையால், எல்லாம் ஒருங்கே வீழ்ந்தன.

இவ்விடர் கரும்புக்கும் உண்டு. கரணையால் பெருகுவன யாவும் ஒரே செடியின் மறுபதிப்பு அன்றோ? ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். 1930களின் இறுதியில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் கோ 213ஐச் செவ்வழுகல் நோய் அழித்தது. கோவை நிலையத்தின் கர்னால் கிளையில் உருவாகி 2009இல் வெளியான கோ 0238, வடநாட்டில் முன்பு காணாத விளைவைத் தந்தது. உத்தரப் பிரதேசத்துக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியை அது ஒன்றே கவர்ந்துகொண்டது. அதனையும் அதே செவ்வழுகல் வந்து பற்றியது. உழவர் மீண்டும் வேறு வகைகளுக்கு மாற வேண்டியதாயிற்று.

ஆகவே, பழைய நாணலின் தேவை இன்னும் தீரவில்லை. கோவையிலும் கண்ணூரிலும் உள்ள பண்ணைகளில் கரும்பின் உறவினங்கள் ஆயிரக்கணக்கில் வளர்த்துக் காக்கப்படுகின்றன. அருணாசலப் பிரதேசத்தின் மலைச்சரிவுகள் முதலிய இடங்களிலிருந்து ஆராய்ச்சியாளர் நேரிற் சென்று தேடிக் கொணர்ந்த நாணல்களும் அவற்றுள் உள்ளன. கோ 205இன் தந்தையாகிய நாணல் ஒன்றே. அதன் உடன்பிறந்தோரில் எவை உறைபனியை இன்னும் மிகுதியாகத் தாங்கும், எவை செவ்வழுகலுக்கு இடங்கொடா என்பதை அங்கே ஆராய்ந்து வருகின்றனர்.